நாக்குக்கு லீவு

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் மேசைமேல் உப்புக் குப்பி வைக்கிற வழக்கமே கிடையாது. வைத்தால் பெரியக்காவுக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். இருபது வருடமாக முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர். தன் சமையலில் ஒருத்தர் உப்புத் தேடினால் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி நினைக்கிற ரகம். நான் அவருக்குக் காய் நறுக்குகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பார்கள், அதில் பொய்யில்லை.

அக்காவின் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். அக்காவின் கிட்னி பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் அக்காவின் எடை எண்பத்தாறு கிலோ. இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். தம்பி நாளுக்கு நாள் துரும்பாகிக்கொண்டிருந்தார். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை.

அன்றைக்கே அக்கா ஒரு நோட்டுப் போட்டார். உணவு ஆலோசகர் பெண் எழுதிக்கொடுத்த கலோரிக் கணக்குப்படி காலையில் இரண்டு துண்டு ரொட்டி, மதியம் ஒரு கிண்ணம் சோறும் காயும், ராத்திரி சூப். அதற்குமேல் ஒரு பருக்கை கிடையாது. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வேலைக்கு வந்தார். வாரா வாரம் ஸ்டோரில் வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்பார். ஸ்டோர்காரர் மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் எண்ணைப் படிப்பார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குறைந்தது ஒரே ஒரு கிலோ. ஆலோசகர் நோட்டைப் புரட்டிவிட்டு, மறைக்காமல் எழுதுங்கள் என்றாராம். திருட்டுத்தனமாகத் தின்கிறவள் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாளே என்று அக்கா குமுறினார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காய் நறுக்கியபடி அக்காவையே கவனித்தேன். பருப்பில் கரண்டியை விட்டார், உள்ளங்கையில் ஊற்றி நக்கினார், உப்புப் போட்டார், மறுபடியும் நக்கினார். வெண்ணெய் போட்ட மசியலுக்கும் அதே. எண்ணெய் மிதக்கிற கறிக்கும் அதே. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து எண்ணினால் நாற்பத்து மூன்று. கிண்ணத்தை அக்கா முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இதெல்லாம் சாப்பாடாடி? இது என் வேலை."

"அது வயித்துக்குத் தெரியுமாக்கா?"

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. பட்டாணிக் கிண்ணத்தை அப்படியே ஆலோசகரிடம் கொண்டுபோனார். அவர் கணக்குப் போட்டு, அறுநூறு கலோரிக்குக் குறையாது, நோட்டில் ஏறாத ஒரு முழு வேளைச் சாப்பாடு என்றார்.

மறுநாள் காலை அக்கா கரண்டியை என்னிடம் நீட்டினார். காதில் கிடக்கிற தோட்டைக் கழற்றிக் கொடுக்கிற முகம். இனிமேல் நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

நாக்கை நிறுத்தினாலும் கை நிற்கவில்லை, அது பாட்டுக்கு வாய்க்குப் போனது. அக்கா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் அவிழ்த்தபோது அதில் ஒன்பது மஞ்சள் கறை. இரண்டாம் வாரம் மூன்று. பிறகு துணி வெள்ளையாகவே இருந்தது.

என் நாக்கு சரியான சொதப்பல். ஒருநாள் உப்புக் கரித்தது, ஒருநாள் சப்பென்று இருந்தது. தட்டுகள் பாதியில் திரும்பி வந்தன, மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அக்கா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். நேரே கடைக்குப் போய் முப்பது உப்புக் குப்பி வாங்கிவந்து, மேசைக்கு ஒன்றாகத் தன் கையாலேயே வைத்தார். மெக்கானிக் ஒருத்தர் மட்டும், அக்காவுக்குக் கை மரத்துப்போச்சா என்று கிண்டலடித்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு. நாக்குதான் லீவுல இருக்கு," என்றார் அக்கா.

மூன்றாவது மாதக் கடைசியில் ஆஸ்பத்திரித் தராசில் ஏறுமுன் வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவசியமே இருக்கவில்லை. எழுபத்தேழரை. அக்காவிடம் இறங்கியதில் பாதி என்மேல் ஏறியிருந்தது, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலு மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பிய வாரத்தில் தம்பி சாப்பிட வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அக்கா பரிமாறிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தம்பி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்று குப்பியை எடுக்கக் கை நீட்டினார். நான் அக்கா முகத்தைப் பார்த்தேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. குப்பியை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"உனக்கு அவ்வளவுதான். உள்ள இருக்கறது என் கிட்னி. அதுக்கு எவ்வளவு உப்புன்னு எனக்குத் தெரியும். பேசாம சாப்பிடு."