கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் நோட்டரி

"கண்ணாடியக் கழட்டும்."

தாராவியில் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டிருக்கும் நோட்டரி இருதயமேரியிடம் கையெழுத்துப் போட வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் மரியாதை இது. ஆதார் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு பார்ப்பதில்லை. மீசை இருந்தால் ஏன் வந்தது என்று கேள்வி. இல்லாவிட்டால் எங்கே போயிற்று என்று. அட்டை கொண்டுவராத சொந்தத் தம்பி டென்சிலையே திருப்பி அனுப்பியவர்.

"ஒரே தட்டுல சாப்பிட்டோம்லாக்கா?"

"சாப்பாட்டுக்கு அட்டை வேண்டாம்ல. கையெழுத்துக்கு வேணும்."

அப்புறம் பதிவேடு. யார், எந்தப் பத்திரம், எந்தத் தேதியில் போட்ட கையெழுத்து, எல்லாம் அதில் ஏறும். மழைநாளில் குடை பதிவேட்டுக்கு. நனைவது அம்மாள்.

போன மாதம், பிறந்ததிலிருந்து கண்ணாடியே போடாத கணேசபாண்டியனிடமும், "கண்ணாடியக் கழட்டும்" என்றார். "இது என் சொந்தக் கண்ணு மேடம்" என்றார் அவர். தன் கண்ணையே நம்ப முடியாத நோட்டரி தொழிலை விட்டுவிடுவது என்று அன்றே முடிவாயிற்று.

விட்டால் சட்டம் விடாது. பதிவேடுகளையும் முத்திரையையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். பக்கத்துப் பழைய பேப்பர் கடை ஷகீலுக்கு அது பொறுக்கவில்லை.

"எங்கிட்ட போடுங்க மேடம். அடுத்த மாசம் அட்டைப்பெட்டியா வந்துரும்."

"உன்னையும் சேத்து அமுக்கிப் பொட்டியாக்கிருவேன், போலே."

அம்மாளின் கவலை வேறு. "வீட்டையெல்லாம் இடிச்சுக் கட்டப் போறாவ. 'ஒங்க முன்னாலதான கையெழுத்துப் போட்டேன், நகல் தாங்க'ன்னு வீட்டுப் பத்திரம் போட்ட ஆபிதா வந்து நின்னா? ரசீது இருந்தா, இன்ன எடத்துல இருக்குன்னு கைகாட்டலாம். இல்லேன்னா அவ வீடும் போச்சு, எம் பேரும் போச்சு."

டாக்சி நிறையப் பதிவேடுகளோடு அலுவலகம் போனார். குமாஸ்தா நிமிராமல், "உதர் ரக்கோ" என்று, அங்கே வைக்கும்படி மூலையைக் காட்டினார். அங்கே உடைந்த மின்விசிறி ஒன்று முன்பே ஒப்படைக்கப்பட்டிருந்தது. ரசீது நாளைக்காம்.

இருதயமேரி பதிவேட்டுக் கட்டின்மேலேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். நெத்திலிக் கருவாடு. வாசனை முதலில் பக்கத்து மேசைக்குப் போனது, பிறகு அதிகாரியின் அறைக்குப் போனது. நாளைக்கு வரவேண்டிய ரசீது இன்றைக்கே வந்துவிட்டது.

அம்மாள் கைகழுவி வந்து ரசீதை வரிவரியாகப் படித்தார். கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தார். போய்விடுவார் என்று நினைத்த குமாஸ்தாவிடம் கை நீட்டினார்.

"ஐடி கார்டு?"

கழுத்தில் தொங்கிய அட்டையை அவர் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார். அம்மாள் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனார். படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். இரண்டு விரல்களைத் தன் மூக்கின்மேல் வைத்து, மெல்ல முன்னால் இழுத்துக் காட்டினார்.

குமாஸ்தா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.