வருத்தம் பார்க்க வராதேங்கோ

“உதிலயே நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ.”

நான் சைக்கிளிலிருந்து ஒரு காலைக்கூட ஊன்றவில்லை, வேலிப் படலைக்கு அந்தப் பக்கம் நாகேஸ்வரியக்கா கையை உயர்த்திவிட்டார். கண்ணுக்குக் கீழே வரை ஏறிய மாஸ்க், அதற்கு மேல் ஒரு துவாயைச் சுற்றிக் கழுத்தில் முடிச்சு. மற்றக் கையில் விளக்குமாறு. அது முற்றம் கூட்டுவதற்கு மட்டுந்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

“அண்ணைக்குக் கொஞ்சம் வாழைப்பழம் கொண்டந்தனான் அக்கா.”

“அந்த வாளிக்குள்ள போட்டிட்டு அங்கால போங்கோ தம்பி. அவர் சுகமாத்தான் இருக்கிறார். பாத்தாச்செண்டு நினைச்சுக்கொண்டு போங்கோ.”

நான் போட்டேன், போனேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா ஒரு தடியால் வாளியைத் தன் பக்கம் இழுத்து, பழத்தைச் சீப்போடு சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் புருசன் கனகலிங்கம் அண்ணை பின்னேரம் தொலைபேசியில் சொன்னார்: “பழம் நல்ல பழமடா. ஆனால் தின்ன நுரை வருது.”

ஸ்கந்தபுரத்தில் எங்கள் ஒழுங்கை ஓர் உழவு மிசின் போகிற அகலந்தான். ஒரு பக்கம் கனகலிங்கம் அண்ணை வீடு, நேரெதிரே ராஜரத்தினம் அண்ணை வீடு, அதற்குப் பக்கத்தில் என்னுடையது. கொரோனா வந்த இரண்டாவது வருடம் அது. மற்ற வீட்டுக்காரர் எல்லாம் பொலிசைக் கண்டால் மாஸ்கை ஏற்றுவதும் பொலிஸ் போனதும் இறக்குவதுமாக இருந்தார்கள். அக்கா வீட்டுப் படலையில் மட்டும் வேப்பிலை கட்டியிருக்கும். விடியவும் பொழுது படவும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்படும். இறக்குமதியை நிறுத்தியதால் கடையில் மஞ்சளைக் கண்ணால் காண முடியாத நாட்கள் அவை. அக்காவுக்கு மட்டும் அது எங்கிருந்து கிடைத்தது என்று நான் இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

இந்த மனிசியைத் தெரியாதவர்கள் முசுடு என்றுதான் நினைப்பார்கள். தெரிந்தவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். ஏனென்றால் வருத்தம் பார்க்கப் போவதில் நாகேஸ்வரியக்காவை வெல்ல இந்த ஊரில் ஒருவர் பிறக்கவில்லை. யார் வீட்டில் யார் இருமினாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். அதற்கென்றே ஒரு நீலச் சேலை வைத்திருந்தார். கையில் ஒரு போத்தல் கோப்பி, கொஞ்சம் மாரி விசுக்கோத்து. ஆஸ்பத்திரி என்றால் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார், தலையை வாரிப் பின்னிவிடுவார். பக்கத்துக் கட்டில்காரியிடமும் “உங்களுக்கு என்ன பிள்ளை?” என்று விசாரித்துவிட்டுத்தான் எழும்புவார். காய்ச்சல் மாறிக் கடைக்குப் போன ஆளையும் துரத்திப் பிடித்து நெற்றியைத் தொட்டுப் பார்த்த கதை உண்டு. தன் வீட்டு வருத்தத்துக்கு வராதவர்களை மறக்கவும் மாட்டார். “ஒருக்கா எட்டிப் பாக்க அவைக்கு ஏலாமல் போச்சு” என்று சொல்லி, மாதக்கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருப்பார்.

அப்படிப்பட்டவரின் புருசனுக்கு வருத்தம் வந்தது. கனகலிங்கம் அண்ணைக்குக் குடலிறக்கம். நெல்மூட்டை தூக்கித் தூக்கி வந்தது என்று ஊர் சொன்னது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிசன் குந்தியிருந்து வெங்காயம் உரிக்கக்கூடியவர், அவ்வளவு சாது. அடிவயிற்றில் புடைத்து வருவதை மல்லாந்து படுத்து உள்ளங்கையால் மெல்ல உள்ளே தள்ளிக்கொள்வார். தும்மல் வந்தாலும் ஒரு கையால் வயிற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் தும்முவார். ஒருநாள் அது உள்ளே போகாமல் இறுகினால் குடல் கறுத்துவிடும், உயிருக்கே மோசம், ஆகவே காலம் கடத்தாமல் வெட்டித் தைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். திகதியும் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அப்போது பார்வையாளர் ஒருவரையும் விடுவதில்லை. நோயாளி மட்டும் உள்ளே, சொந்தம் எல்லாம் கேற்றுக்கு வெளியே. ஊர் என்ன செய்தது தெரியுமா? உள்ளே போன பிறகு பார்க்க முடியாதுதானே, போகமுன்னமே பார்த்துவிடுவோம் என்று முதல்நாள் பின்னேரமே திரண்டு வந்துவிட்டது! எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. கதிரை காணாமல் என் வீட்டுக் கதிரைகளும் போயின. அக்கா நீலச் சேலையில், முகமெல்லாம் பூரிப்பாக, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியும் உளுந்து வடையும் கொடுத்தார். இத்தனை வருடமாகத் தான் போய்ப் பார்த்த வருத்தமெல்லாம் அன்றைக்குத் தன் முற்றத்துக்குத் திரும்பி வந்த சந்தோசம் அவருக்கு.

எதிர்வீட்டு ராஜரத்தினம் அண்ணை கடைசியாக வந்தார். கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய் அந்தக் கிழமைதான் திரும்பியிருந்தார். “லேசாக் காய்ச்சல் காயுது, மழை நனைஞ்சது” என்று சொல்லிக்கொண்டே கனகலிங்கம் அண்ணையின் இரண்டு கையையும் பிடித்து, நெற்றியில் திருநீறு பூசி, “ஒண்டுக்கும் பயப்பிடாத, முருகன் இருக்கிறான்” என்றார். இருவரும் காடு வெட்டிக் காணி திருத்திய காலத்திலிருந்து ஒன்றாக நின்றவர்கள். எல்லாருக்கும் கண் கலங்கியது.

அடுத்தநாள் கனகலிங்கம் அண்ணை வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது, ராஜரத்தினம் அண்ணைக்குக் கொரோனா என்று முடிவு வந்தது. சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கைக்கு வந்து, யார் யார் அங்கே போனது என்று கேட்டார். யார் போகவில்லை என்று கேட்டிருந்தால் வேலை சுகமாக முடிந்திருக்கும். எல்லா வீட்டுக் கதவிலும் தனிமைப்படுத்தல் கடதாசி ஒட்டப்பட்டது. கனகலிங்கம் அண்ணையையும் கட்டிலிலிருந்து எழுப்பி, ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். போட்ட சேட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. திகதி போய்விட்டது.

அப்போதுதான் அம்புலன்சில் ஏற நின்ற ராஜரத்தினம் அண்ணையைப் பார்த்து அக்கா தன் படலையிலிருந்து கத்தினார்:

“அண்ணை, திருநீறு பூசவோ வந்தனியள்? என்ர மனிசன்ர உயிரையல்லோ கொண்டுபோகப் பாத்தனியள்!”

அவர் தலையைக் குனிந்து ஏறினார்.

பிறகு இரண்டாவது திகதி வந்தது. அதுவும் தட்டிப்போனது. சத்திரசிகிச்சைப் பகுதியில் வேலை செய்தவர்களுக்கே வருத்தம் தொற்றிவிட்டதாம், அவசரமானவர்களை மட்டும் எடுப்பார்களாம். தொலைபேசியில் சொன்ன நேர்ஸ் பிள்ளையின் குரலும் களைத்துத்தான் இருந்தது என்றார் அக்கா. ஆனாலும் விடவில்லை.

“எப்ப பிள்ளை அவசரம்? குடல் கறுத்தாப் பிறகோ?”

அந்தப் பிள்ளை என்ன சொல்லும், பாவம். “சத்தி எடுத்தால், வீக்கம் இறுகினால் உடன கொண்டு வாங்கோ அம்மா” என்று வைத்துவிட்டாளாம்.

அன்றிலிருந்துதான் இந்தப் படலைக் காவல். அண்ணை இருமினால் அக்காவுக்கு இரண்டு பக்கத்தாலும் பயம்: இருமலே கொரோனாவோ என்று ஒரு பயம், இருமுகிற வேகத்தில் குடல் வந்து இறுகுமோ என்று இன்னொன்று. குசினியில் கொத்தமல்லி எந்நேரமும் கொதித்தபடி. நெளுக்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் கிருசாந்தி, ஊரடங்குப் பாஸ் எடுத்து வருகிறேன் என்று அழுதபோதும் அக்கா இளகவில்லை. “நீயும் வராத பிள்ளை. உன்ர அப்பா உயிரோட இருந்தால் பிறகு பாக்கலாம்.” அதைச் சொன்ன பிறகு தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் குந்தினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“களைச்சுப்போச்சு தம்பி” என்றார். “சண்டை பிடிக்கிறதெண்டாலும் ஆரோட பிடிக்கிறது? ஆஸ்பத்திரிக்காரரோடயோ, வருத்தத்தோடயோ? சனத்தை வா எண்டு கூப்பிட்டு வடை சுட்டுக் குடுத்தது நான் தானே.”

ராஜரத்தினம் அண்ணை சுகமாகித் திரும்பி வந்தார். வந்தவர் மெலிந்து, நடந்தால் மூச்சு வாங்குகிற ஆளாகியிருந்தார். பொழுதுபட மாடு கட்டியதும் தன் படலையில் வந்து நின்று, ஒழுங்கைக்கு மேலால் குரல் கொடுப்பார்.

“தங்கச்சி, திகதி தந்திட்டாங்களோ?”

அக்கா திரும்பியும் பார்க்கமாட்டார். விளக்குமாறு மட்டும் கொஞ்சம் உரத்து ஓடும். ராஜரத்தினம் அண்ணையின் மனைவி கமலாசனியக்கா, “ஏனப்பா போய் ஏச்சு வாங்குறியள், உள்ளுக்கு வாங்கோ” என்று கூப்பிடுவார். அடுத்த பொழுது படவும் மனிசன் மறுபடி அதே இடத்தில் நிற்பார். எனக்கே சிலநாள் கோபம் வரும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் இந்த மனிசிக்கு?

ஒரு புதன்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலமை கொண்டுவாருங்கள், வாசலில் வைத்துப் பரிசோதித்துத்தான் எடுப்போம், வீட்டில் யாருக்கும் ஒன்றும் இருக்கக்கூடாது, இந்த முறை தவறினால் இனி எப்போது என்று சொல்ல முடியாது. அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தார். எதிரே வழமைபோல ராஜரத்தினம் அண்ணை.

“தங்கச்சி, திகதி தந்திட்டாங்களோ?”

“ஓம் அண்ணை. வெள்ளிக்கிழமை.”

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பிறகு கையை இறக்காமலே வீட்டுக்குள் போனார், மனைவியிடம் சொல்ல.

வியாழக்கிழமை காலை மாட்டுக்கு வைக்கோல் போடப் போன இடத்தில் விழுந்தார். மாரடைப்பு. ஓட்டோ வந்து சேரமுன்னமே உயிர் போய்விட்டது. செத்தவருக்கும் ஆஸ்பத்திரியில் கொரோனா பார்த்தார்கள். இல்லை என்று வந்தபடியால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர விட்டார்கள். பொழுது படமுன் எடுத்துவிட வேண்டும், கூட்டம் கூடக்கூடாது என்று கட்டளை. ஆனால் எங்கள் சனம் கேட்குமா? ராஜரத்தினம் அண்ணையின் செத்தவீடு. சாரிசாரியாக வந்தார்கள்.

கனகலிங்கம் அண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். சாதுவான அந்த மனிசன் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“திறவுமப்பா படலையை. அவனுக்குத் தோள் குடுக்காமல் நான் என்ன மனிசன்?”

“தோள் குடுத்தால் குடல் வெளியால வரும்.”

“முகத்தையெண்டாலும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

“அதுக்குள்ள ஆருக்கு என்ன இருக்கோ தெரியாது. விடிய ஓட்டோ வருது.” அக்கா படலைக்குக் குறுக்கே நின்றுகொண்டார். “நானும் போகேல்லையப்பா. நீங்கள் பாக்கேல்லையே, நானும் போகேல்லைத்தானே.”

அவர் நின்றார். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

எதிர்வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. நாகேஸ்வரியக்கா இல்லாத செத்தவீடு இந்த ஒழுங்கையில் அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் அவருடைய படலையைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். “முன்வீட்டுக்காரி எட்டியும் பாக்கேல்லையே” என்று ஒருத்தி உரக்கவே சொன்னாள். அக்காவுக்கு அது கேட்டது. தேத்தண்ணி கூடக் குடிக்காமல் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

பொழுது சாயப் பிரேதத்தை எடுத்தார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, படலை வரைக்குந்தான். கமலாசனியக்கா தலைவிரி கோலமாக அதுவரை ஓடிவந்து நின்றார். அவரைப் பிடித்திருந்தவர்கள் கையை விட, நேரே பார்த்தார். எதிர்ப் படலையில், மாஸ்க் முழுவதும் நனைந்து முகத்தோடு ஒட்டிப்போய், நாகேஸ்வரியக்கா.

“மச்சாள்!” என்று கமலாசனியக்கா இரண்டு கையையும் நீட்டினார். “அவருக்கு ராத்திரி முழுக்க உங்கட கதை தான் மச்சாள். தங்கச்சி என்னோட கதைச்சிட்டா, கதைச்சிட்டா எண்டு!”

அக்காவின் கை படலைக் கொழுக்கிக்குப் போனது. கொழுக்கியைப் பிடித்தது. ஒழுங்கையில் நின்ற நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொழுக்கியை விட்டுவிட்டு, படலைக்குப் பக்கத்தில் நட்டிருந்த பாலைமரக் கட்டையை இரண்டு கையாலும் சேர்த்து இறுகக் கட்டிப்பிடித்து, அதில் முகத்தை அழுத்திக்கொண்டு, “ஐயோ என்ர மச்சாள்” என்று நாகேஸ்வரியக்கா ஒப்பாரியைத் தொடங்கினார்.