தலையணை உறையில் ரத்தம்

கல்யாணமான மறுவருஷம் எனக்கு ஐந்து மாதம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவருக்கு வேலை. ஒருநாள் விடிந்ததும் பாயைச் சுருட்ட வந்தவர் என் தலையணையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உறையில் ரத்தக் கறை.

"இன்னா இது?"

நான் உறையை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். வலிக்கிறதென்று தேய்ப்பதையே விட்டிருந்தேன். வாந்தி வேறு. வாய் நாறுமோ என்று அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்துபோயிருந்தது.

அவர் மேற்கொண்டு கேட்காமல் வேலைக்குப் போனார். கோபம் போலிருக்கிறது என்று அழுதுகொண்டிருந்தேன். மத்தியானமே திரும்பி வந்தார். "கெளம்பு. வேலூருக்குப் போய் டாக்டரப் பாத்துட்டு வந்துர்லாம்."

ரயிலில் உட்கார்ந்த பிறகுதான், ஜன்னலைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "இருமல் எதுனா இருக்குதா உனக்கு?"

அவருடைய அக்கா காசநோயில் ரத்தம் கக்கிச் செத்தவர். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, இருமலே இல்லீங்க. ஈறுதான்." அத்தனை பேர் நடுவில் உதட்டை விலக்கிக் காட்டினேன்.

"நெஜமாவா?" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். காட்பாடி வரும்வரை துடைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புள்ளத்தாச்சிங்களுக்கு ஈறு வீங்கறது சகஜம்மா. ரத்தம் வருதுன்னு தேய்க்காம உட்டா இன்னும் ஜாஸ்தியாவும். கரி, செங்கல்தூள் வேணாம், மெதுவா தேச்சுட்டு உப்புத் தண்ணியில கொப்புளி. வாந்தி எடுத்தா உடனே வாயக் கொப்புளிச்சுடு."

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்றார் அவர்.

"ஆவாது. கீரை, நெல்லிக்கா, பால் குடுங்க."

மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் அவரே வெந்நீர் வைத்தார். தோல் ஊறவைக்கும் பட்டைச்சாறு ஏறிச் சிவந்த விரலை விட்டுச் சூடு பார்த்துத்தான் சொம்பைக் கொடுப்பார். நான் கொப்புளித்துத் துப்புவதை எட்டிப் பார்த்து, "இன்னிக்குக் கம்மிதான்" என்பார். பக்கத்து வீட்டு பீபி சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சிரிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். வாயை மறைத்துப் பேசுவது மட்டும் நின்றுபோனது.

ஆடியில் பெண் பிறந்தாள். அதற்குள் ரத்தம் நன்றாகக் குறைந்திருந்தது, அப்புறம் அறவே நின்றது.

பெண்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்காத மனுஷர் அவர். கூட வேலை செய்தவரின் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் வாசலுக்கே போய், தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஈறுல ரத்தம் வந்தா பயந்துக்காதம்மா. சூடா உப்புத் தண்ணி வெச்சுக்கோ."