மீட்டிங் குறிப்பில் வந்த மூன்று வரி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் குப்பை கொட்டியவள், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று சாதிப்பேன். இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டுவிட்டுப் போங்கள்.

பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். சீர்காழி பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை. என் டீமில் வசந்தி என்று ஒரு பெண், பூம்புகார்க்காரி, அக்கா அக்கா என்று என் மேல் உயிரையே வைத்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் தன் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், அவள் பெயரில் நான் வேலை பார்ப்பதாக ஏற்பாடு. கூடாதுதான், ஆனால் இதைச் செய்யாத டீம் எது? அன்றைக்குப் பார்த்து, கிளையண்டின் ஃபைல்கள் மொத்தத்தையும் நான் தவறுதலாக அழித்துத் தொலைத்தேன்.

விசாரணைக் கடிதம் வசந்திக்குப் போனது. அன்று சாயங்காலம் அவள் எனக்குப் போன் பண்ணினாள். எடுக்கத் தைரியம் வரவில்லை. போனைக் குப்புறப் போட்டு, மேலே தலையணையை வைத்து, அடித்து ஓயும்வரை அமுக்கிப் பிடித்திருந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை, என் கணவர் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக்கிடந்தார். அந்த மாதமே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் என் பெயரைச் சொல்லவில்லை, பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மேனேஜர் ராகவனோடு மீட்டிங், வழக்கமான பேச்சு, பத்தே நிமிஷம். நாம் பேசுவதையெல்லாம் தானே எழுதி அனுப்புகிற சாஃப்ட்வேர் ஒன்று உண்டு, எப்போதும் இங்கிலீஷில்தான் எழுதும். அன்று கடைசியில், என் பெயருக்கு நேரே, நான் பேசவே பேசாத மூன்று வரி தமிழில். "வசந்தி பண்ணல. நான்தான் அழிச்சேன். அவ போன் அடிச்சப்போ தலையணையைப் போட்டு அமுக்கினேன்."

முதல் சந்தேகம் ராகவன் மேல், மனுஷர் போட்டு வாங்கப் பார்க்கிறார் என்று. பிறகு லேப்டாப் மேல், ஆறு மாதமாக ஒட்டுக்கேட்கிறதோ என்று. சரி, தலையணைக்குச் சத்தம் ஏது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, கட்டின புருஷனையே சந்தேகப்பட்டு என் மேஜையைத் தொட்டீர்களா என்று சண்டை போட்டேன். ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டதில், அந்த இடத்தில் ஃபேன் சத்தமும் பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் ஓடுகிற சத்தமும்தான் இருந்தன.

மறுநாள் ராகவன் கூப்பிட்டார். "நானும் கேட்டுப் பாத்தேங்க, ஒண்ணும் இல்ல. மிஷின் ஏதோ உளறியிருக்கு. அழிச்சிடவா?"

ஆமாம் என்றால் வேலை தப்பிக்கும். இவ்வளவு நல்லவராகப் பேசுகிறாரே, இதிலும் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று ஒரு பக்கம் ஓடியது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்குமேல் தாங்கவில்லை.

"அழிக்காதீங்க. அதுல இருக்கறது நிஜம்" என்றேன்.

வேலை போயிற்று. வசந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப எதுக்குக்கா புதுசா சொல்றீங்க? அன்னைக்கே போன்ல அழுதுக்கிட்டே சொன்னீங்களே. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன், என் பேரை மட்டும் நீ எடுக்காதேன்னு. அதை நம்பித்தானே நான் ஆறு மாசமா காத்துக்கிட்டிருந்தேன்."

நான் போனை எடுக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். மறுபடியும் ஏமாற்றுகிறேன் என்று அவள் போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தன் போன் திரையைப் படமெடுத்து அனுப்பினாள்.

என் போனில் அன்றைய கால் இன்றுவரை மிஸ்டு காலாகத்தான் இருக்கிறது. அவள் போனில் அந்தக் கால் பதினோரு நிமிஷம் ஓடியிருக்கிறது.