நான் எடுத்துவிட்ட ஊர்ப்பெயர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வென்ட்வேர்த்வில் ரயில் ஸ்டேஷனுக்கு அருகே, ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறையில் சனிக்கிழமைகளில் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படமெடுத்து, தட்டச்சு செய்து, இணையத்தில் ஏற்றுகிறோம். 'குழு' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் ஆட்கள் இரண்டே பேர்தான். தட்டச்சு, ஓய்வுபெற்ற எஞ்சினியரான நான். கமரா, அகதியாகப் படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கும் ஒருவர். நாற்பது தாண்டியவர். கிழமை முழுக்க வெயர்ஹவுஸில் வேலை செய்துவிட்டும் ஒரு சனிக்கிழமை தவறமாட்டார்.

அவர் வந்த புதிதில், வாய் சும்மா இருக்காமல், "ஊரில எவடம்?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தார் இதை இடம் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. ஆள் என்ன சாதி என்று அறியத்தான்.

"யாழ்ப்பாணம்தான் அண்ணை" என்று சொல்லிவிட்டுக் கமராவைத் துடைத்தார். நான் மேலே தோண்டவில்லை. அதையே பெரிய பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் எங்கள் கையில் இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் அடிமை முறையை எதிர்த்து அச்சான சிறு நூல். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள் என்றால் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பெரியவர்கள் நம்பாத மாதிரி இருப்பார்கள். நூலின் ஒரு பக்கத்தில் ஓர் அடிமைப் பெண்ணின் வாக்குமூலம். தாகத்துக்கு எசமான் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளியதற்காக அவளை மரத்தில் கட்டி அடித்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் இருந்தது. கோயிலுக்கு மேற்கே, இரட்டைப் புளியமரத்து வளவுக் கிணறு என்ற அடையாளமும் இருந்தது. எங்கள் ஊர். எங்கள் வீட்டுக் கிணறு.

இன்றைய வாசகருக்காக மொழியை எளிதாக்குவது என் பொறுப்பு. அந்தச் சாக்கில் ஊர்ப்பெயரைத் தூக்கிவிட்டு, 'வடபகுதிக் கிராமம் ஒன்றில்' என்று போட்டேன். கோயிலும் புளியமரமும் கூடவே போயின.

அடுத்த சனிக்கிழமை அவர், தான் எடுத்த படத்தையும் என் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அண்ணை, ஊர்ப்பேர் எங்க?"

"ஏன் தம்பி வீண் வில்லங்கம்? இப்பத்தைய பிள்ளையளுக்குக் கதை விளங்கினாப் போதும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "அது எங்கட ஊர் அண்ணை. எங்கட ஆக்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை, ஒரு படம் இல்லை. நாங்கள் அங்க இருந்தனாங்கள் எண்டு எழுதிக் கிடக்கிறது இந்த ஒரு பக்கத்திலதான். இப்பிடி ஒண்டு எங்கையாவது கிடைக்கும் எண்டுதான் இவ்வளவு நாளும் வந்தனான்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கோப்பைத் திறந்தேன். ஊர்ப்பெயரை, கோயிலை, புளியமரத்தை, ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, மூலத்தைப் பார்த்துச் சரிபிழை சொன்னார். முடிந்ததும் கமராவை உறைக்குள் வைத்தார்.

"அண்ணை, நீங்கள் ஊரில எவடம்?"

இந்தக் கேள்விக்கு என் ஆயுளில் நான் தயங்கியதே இல்லை. அன்றைக்கு மட்டும் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்தக் கிணறு எங்கட வீட்டு வளவுக்குள்ளதான் தம்பி."