மொனிட்டரைச் சரித்து வைத்த ஜௌபர் காக்கா

ஜௌபர் காக்கா மௌத்தாகிவிட்டார். காலையில் செய்தி வந்தது, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

கல்முனைக்குடியில் நெட் கஃபே வைத்திருந்தாரே, அவர்தான். சுனாமி வந்த அடுத்த வருடத்தில் இருந்து நாட்டில் சண்டை முடியும் வரைக்கும் நான் அவருடைய கடையில் டைப்பிங் வேலை பார்த்தேன்.

ஊர் குரூப்பில் செய்தி போட்டதும் முதல் கொமெண்ட்: “நெட் கஃபே வைத்து ஊரைக் கெடுத்த மனுஷன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.” ஆமீன் என்று பதினைந்து பேர் வேறு... எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கெடுத்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டுவார். ‘இந்தக் கிழமை இணையத்தில் கண்டவை.’ அந்த வாரம் நெட்டில் பார்த்த புதினங்களை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுவேன். உடுப்புத் தோய்க்கிற சைக்கிள், பியானோ வாசிக்கிற பூனை, பொத்தானே இல்லாத போன்...

பொத்தான் இல்லாத போனுக்கு ஊரே சிரித்தது. “அப்ப நம்பரை ஊதியா அடிக்கிற?” என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள்தான் இன்று அந்தப் போனில் அவரைத் திட்டி எழுதுகிறார்கள்.

லைன் அவ்வளவு ஸ்லோ. பூனை வீடியோவை ஓட விட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போவார். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பூனையின் தலை மட்டும் வந்திருக்கும்.

முதல் தாள் ஒட்டிய அன்றைக்கே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். “மௌத்து விழுந்த ஊரில கூத்துக் காட்டுறீங்களா?”

காக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. “மௌத்து விழுந்த ஊர் சிரிக்கக் கூடாதெண்டு எங்க எழுதியிருக்கு? கொண்டு வந்து காட்டுங்க, அதையும் பிரிண்ட் எடுத்து ஒட்டுறன்.”

அவர்கள் திரும்ப வரவில்லை. தாள் அடுத்த வெள்ளியும் ஒட்டப்பட்டது.

பிறகு ஒரு கிழமை, சட்டலைட்டில் இருந்து எடுத்த படங்கள் உள்ள ஒரு மெப் கிடைத்தது. அதில் எங்கள் கரையும் இருந்தது. ஆனால் படம் பழையது... சுனாமிக்கு முந்தியது. வீடுகள் எல்லாம் அப்படியே நின்றன.

தாளில் அது கடைசி வரி. அடுத்த நாள் கடைக்குள் நிற்க இடமில்லை. உம்மாமார், ராத்தாமார், கைக்குழந்தையோடு வந்தவர்கள்... அந்தக் கொமெண்ட் எழுதியவரின் உம்மாவும் அந்த வரிசையில் நின்றார். நானே ஸ்டூல் போட்டு இருக்க வைத்தேன்.

எங்கள் உம்மாவும் வந்தார். எங்களுக்கு அது வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை. வாப்பாவையும் வீட்டையும் காணி உறுதிப் பத்திரத்தையும் கடல் கொண்டு போய்விட்டது. அதே இடத்தில் திரும்பக் கட்ட அரசாங்கக் கந்தோரில் போய்க் கேட்டால், “அந்த இடத்தில் வீடு இருந்ததற்கு என்ன அத்தாட்சி?” என்றார்கள். அத்திவாரக் கல்கூட மிஞ்சவில்லை, எதைக் காட்டுவது?

ஆனால் ஒருவருக்கும் வீடு பிடிபடவில்லை. உம்மா திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இது எங்கட ஊரில்ல மனே. கடல் வலது கைப் பக்கமாக் கிடக்கு. கடல் முதுகுக்குப் பின்னாலதானே இருக்கணும்?”

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். எங்கள் ஊரில் தொழ நின்றால் முகம் பார்க்கிற கிப்லா வயல் பக்கம், கடல் முதுகுப் பக்கம். பிறந்ததில் இருந்து ஊரை அப்படித்தான் தெரியும். வடக்கு மேலே என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

காக்கா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அந்தப் பெரிய பழைய மொனிட்டரைக் கட்டிப் பிடித்து, வலது பக்கமாகச் சரித்து மேசையில் வைத்தார். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஃபோட்டோ கொப்பி பேப்பர் பெட்டி.

கடல் கீழே வந்துவிட்டது. வயல் மேலே.

உம்மா பள்ளிவாசலில் இருந்து விரலாலேயே நடந்தார். மைதானம், ஒழுங்கை, வளைவு... “இஞ்ச.” கூரையில் பாதி ஓடு, பாதி தகடு. தகடு வாப்பா கடைசியாகப் போட்டது, புதுசு, படத்தில் பளபளத்தது. உம்மா திரையில் கையை வைத்தபடி அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்?

காக்கா அதைப் பிரிண்ட் எடுத்து எங்களோடு கந்தோருக்கு வந்தார். உத்தியோகத்தர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். “படம் பிழை. வடக்கு மேலே இருக்க வேண்டும்.”

“சேர், வடக்கு உங்கட மேசையிலதான் மேல. இவங்கட வீடு கடலுக்கும் பள்ளிக்கும் நடுவில இருந்தது. அதைப் பாருங்க.”

தாளை வாங்கி ஃபைலில் வைத்தார்கள். பதில் மட்டும் இன்று வரை வரவில்லை. உம்மா காத்திருக்கவில்லை. பிரிண்டின் இன்னொரு கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு வைத்து அளந்து, அதே இடத்தில் குடிசை போட்டார். கந்தோரில் இருந்து இரண்டு தரம் வந்து கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. இப்போது அது கல் வீடு, அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. சண்டை முடிந்த கிழமை, தாளில் இராணுவத்தின் வெற்றிப் படம் போடச் சொல்லி ஒருவர் வந்து நின்றார். காரைதீவில் இருந்து ஒரு தமிழ் டீச்சர் வெள்ளி தவறாமல் வந்து அந்தத் தாளை வாசிப்பார், அவருடைய தம்பி அப்போது தடுப்பு முகாமில். காக்கா என்னிடம் சத்தமாகவே சொன்னார், “நீங்க வழமையானதை டைப் பண்ணுங்க புள்ள.” அந்தக் கிழமை முதல் வரி, தானாகக் கூட்டித் துடைக்கிற மெஷின்.

இதுதான் அவர் ஊரைக் கெடுத்த லட்சணம். மறுத்துச் சொல்ல ஆள் இருந்தால் கீழே எழுதுங்கள், நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

இன்று காக்காவின் ஜனாஸா எங்கள் ஒழுங்கையால் போனது. உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கூட்டத்தில் ஒருவர் கையைக் காட்டினார், “பொம்புளையள் உள்ளுக்குப் போங்க.”

“இது என்ட வீட்டு வாசல்,” என்றார் உம்மா. “நான் நிப்பன்.”

நின்றார். காக்காவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி வளைவில் திரும்பி மறையும் வரைக்கும்.

போய் வாங்க காக்கா.