ரயில் செய்ய மூன்று குழல்

எங்கள் வீட்டில் கழிப்பறைக் கடதாசி பாவிப்பதில்லை. கக்கூசில் குழாய் இருக்கிறது, குழாயின் கீழே வாளி இருக்கிறது, வாளிக்குள் கோப்பை மிதக்கிறது. இதற்கு மேல் கடதாசி எதற்கு? மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். என் மகள் போகும் நேர்சரியின் ரீச்சருக்கு மட்டும் இது தெரியவில்லை. அவருடைய வீட்டில் வேறு மாதிரி நடக்கிறதோ என்னவோ, நான் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் வட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினார். ஒரு ரயில். எஞ்சினும் இரண்டு பெட்டிகளும். மூன்றும் கழிப்பறைக் கடதாசி சுற்றிவருகிற மட்டைக் குழலில் செய்தவை. வெள்ளிக்கிழமை பெற்றோர் தினக் கண்காட்சியாம். வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருட்களைக் கொண்டு பிள்ளைகள் தாங்களே செய்து வரவேண்டுமாம். எங்கள் வீட்டில் வீணாகக் கிடப்பவை தேங்காய்ச் சிரட்டை, பழைய சைக்கிள் ரியூப், திருத்துகிறேன் என்று என் கணவர் கழற்றிப் போட்ட மின்விசிறி. குழல் கிடையாது.

'பிள்ளைகள் தாங்களே' என்ற சொல்லில் எனக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. போன தவணை முட்டை மட்டையில் யானை செய்யச் சொன்னார்கள். நானும் நம்பினேன். கத்தரிக்கோலையும் பசையையும் மகளிடம் கொடுத்துவிட்டு மீன் வெட்டப் போனேன். நாலு வயதுப் பிள்ளை செய்தால் எப்படி வருமோ அப்படி வந்தது யானை. தும்பிக்கை காதிலிருந்து புறப்பட்டது. ஒரு கால் குறைவு. அவளுக்கு அது பெரிய வடிவு. கண்காட்சிக்குப் போனால் மேசை முழுக்க உண்மையான யானைகளைப் பிடித்துச் சுருக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு யானைக்கு வெல்வெற் துணியில் முகபடாம்கூட இருந்தது. எல்லாம் தாய்மாரும் தகப்பன்மாரும் செய்தவை. என் மகளின் யானையை ரீச்சர் தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார். மகள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினாள். கண்டுபிடித்தபோது அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து அவள் பசையைத் தொடவில்லை. வர்ணப் பென்சிலையும் தொடவில்லை. எதை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா, நீங்களே செய்யுங்கோ. நான் செய்தால் வடிவில்லை" என்பாள். இல்லையென்று நான் எத்தனையோ விதமாகச் சொன்னேன். கடைசியில் கத்தியும் சொன்னேன். கத்திச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

ஆனால் ரயில் படத்தைக் கண்டதும் கைபேசியை என் கையிலிருந்து பறித்தாள். முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இதை நான் செய்யட்டோ?"

அந்த ஒரு கேள்விக்காக நான் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

குழலுக்கு எங்கே போவது? காலண்டர் மட்டையைச் சுருட்டிக் காட்டினேன்.

"உது குழலில்லை."

தண்ணீர்க் குழாயில் மிஞ்சிய துண்டைக் காட்டினேன்.

"உது பைப்."

தையல் நூல் சுற்றிய கட்டை?

"உது நூல்கட்டை அம்மா. உங்களுக்குத் தெரியாதோ?"

படத்தில் உள்ளதுதான் வேண்டும். கடையில் கேட்டேன். "உது இஞ்சை விக்காது தங்கச்சி, நாங்கள் எடுக்கிறேல்லை" என்றார் கடைக்காரர். என் கணவர் மினிபஸ் ஓட்டுகிறவர், தினமும் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்வருகிறவர். அவரிடம் சொல்லிவிட்டேன். மாலையில் கைதுடைக்கும் கடதாசிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

"இதிலை குழல் எங்கையப்பா?"

"பேப்பர் எண்டுதானே சொன்னனீ."

"குழலைச் சுத்தின பேப்பர் எண்டனான்."

"குழல் வேணுமெண்டால் குழலெண்டு சொல்லோணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பிள்ளையின் பிடிவாதம் என் பக்கத்தால் வந்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். அவர் பக்கத்தால் எங்கள் வீட்டுக்கு எதுவும் வருவதில்லை, அவருடைய அக்காவைத் தவிர.

அக்கா கனடாவிலிருந்து வந்து அப்போது எங்களோடுதான் நின்றார். எனக்கு மச்சாள், மகளுக்கு மாமி. கரவெட்டியில் பிறந்து, கிணற்றடியில் வளர்ந்து, கலியாணம் கட்டிப் போனவர். இப்போது கழிப்பறைக் கடதாசி இல்லாமல் கக்கூசுக்குள் கால் வைக்கமாட்டார். விமானநிலையத்திலிருந்து வரும் வழியிலேயே ஒரு பொதி வாங்கிக்கொண்டு வந்தார். முடிந்த குழல்களையெல்லாம் நான் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டேன். மிச்சம் இருந்தது கக்கூசில் ஒரு சுருள், அவருடைய அறை அலுமாரியில் இரண்டு.

நேராகவே கேட்டேன். "மச்சாள், பேப்பரைக் கழட்டி ஒரு பையிலை போட்டுத் தாறன். குழலைத் தாங்கோ."

"ஐயோ மச்சாள், உப்பிடிக் கழட்டி வைச்சால் கிருமி பிடிச்சிடும்."

"கிருமி பிடிச்சால் என்ன, அது போற இடம் அப்பிடித்தானே."

அவர் சிரிக்கவில்லை. "முடிஞ்ச உடனை தாறன். பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ."

பிள்ளை பொறுத்தாள். கக்கூசு வாசலில் தன் சின்னக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பொறுத்தாள். உள்ளே ஆள் போனால் கதவைத் தட்டுவாள்.

"மாமி, முடிஞ்சுதோ?"

"என்ன செல்லம் முடிஞ்சுதோ?"

"பேப்பர்."

"இன்னும் இல்லையம்மா."

"கனக்க எடுங்கோ மாமி. ஒண்டும் யோசிக்காதேங்கோ."

பழம் சாப்பிட்டால் வயிறு நன்றாகப் போகும் என்று நான் எப்போதோ அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதை அவள் மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க மாமிக்குப் பப்பாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். புதன்கிழமை மாம்பழம். தன் பங்கையும் கொடுத்தாள். மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கோ மச்சாள், இந்தப் பிள்ளைக்கு என்னிலை எவ்வளவு பாசம்."

"ஓம் மச்சாள்" என்றேன். வேறென்ன சொல்ல?

புதன் மாலை ஒரு குழல் கிடைத்தது. மச்சாள் அலுமாரியிலிருந்து அடுத்த சுருளை எடுத்துக் கக்கூசில் வைத்தார். வியாழக்கிழமை மச்சாள் கரவெட்டியில் சொந்தக்காரர் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் சத்தமே இல்லை. நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். ஓடினேன்.

அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து முற்றத்து முருங்கைமரம் வரைக்கும் வெள்ளைக் கடதாசி. கோழிகள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தன. தடியை எடுக்கிற கோபம் வந்தது. வாயைத் திறந்துகொண்டு குசினிக்குள் போனேன்.

மகள் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். முன்னால் மூன்று குழல்கள். நான் காலையில் காய்ச்சி வைத்த மாப்பசைக்குள் முழங்கை வரை கை. மாத்திரைப் போத்தல் மூடிகளைச் சில்லாக ஒட்டிக்கொண்டிருந்தாள். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

திறந்த வாயை மூடினேன். எனக்கு அது சுலபமான வேலை இல்லை. சத்தம் போடாமல் போய்க் கடதாசி முழுவதையும் பனையோலைக் கடகத்துக்குள் அள்ளினேன்.

மாலை மச்சாள் வந்தார். கரவெட்டியில் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் போலிருந்தது. யாரோடும் கதைக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் போனது.

"மச்சாள்! பேப்பர் எங்கை?"

"முடிஞ்சுது மச்சாள்."

"என்ரை அலுமாரியிலை இன்னும் ஒண்டு இருக்கு. எடுத்துத் தாங்கோ."

"அதுவும் முடிஞ்சுது."

"எப்பிடி முடியும்? பாவிக்கிற ஆள் நான் இஞ்சையெல்லோ இருக்கிறன்!"

கடகத்துக்குள் மலைபோலக் கிடந்தது. ஆனால் கோழி நடந்த கடதாசி. கிருமி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"வாளியிலை தண்ணி நிறைய இருக்கு மச்சாள்" என்றேன்.

உள்ளே ஏதோ முணுமுணுத்தார். பிறகு கோப்பை வாளியில் மோதுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. பழகிய கை.

சேலையின் கீழ்ப்பக்கம் நனைய, முகம் சிவக்க வெளியே வந்தவர் என்னைத் திட்டத்தான் வந்தார். அதற்குள் ரயில் கண்ணில் பட்டுவிட்டது.

"இதென்ன, ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. இஞ்சை தா செல்லம், மாமி நேராக்கித் தாறன்."

"கையை எடுங்கோ மச்சாள்."

"ஒரு சின்னத் தட்டுத் தட்டினால் போதும்."

"தட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவர் என் கணவரிடம் முறையிட்டார். கணவர் வந்து ரயிலைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் கை துருதுருத்தது. "சில்லுகள் ஒரே மட்டத்திலை இல்லையெல்லோ. உப்பிடி எண்டால் ஓடாது."

"உங்கடை பஸ்ஸும்தான் ஓடாமல் நிண்டது போன கிழமை. நான் ஏதும் சொன்னனானோ?"

அவர்கள் இரண்டு பேரும் படுக்கும் வரைக்கும் நான் அந்த ரயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை நேர்சரி மண்டப வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் ரயில் நிலையமே இருந்தது. ஒன்றுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. இன்னொன்று பற்றரி மோட்டரில் வட்டமாக ஓடியது. அதற்குப் பக்கத்தில் அதைச் செய்த ஆள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரீச்சர் எங்கள் ரயிலை இரண்டு விரலால் வாங்கினார். பசை இன்னும் காயவில்லை. "வடிவாயிருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "முன்னுக்கு இடம் காணாது, அம்மா. பின்னாலை வைப்பமே?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல்.

"ரீச்சர், பின்னாலை வைச்சால் நான் தேடோணும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள், வேலை கூடிப்போகும் என்பது மாதிரி. ரீச்சருக்கு முகம் ஒரு மாதிரிப் போனது. நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"பிள்ளையள் தாங்களே செய்யோணும் எண்டு எழுதினது நீங்கள்தானே ரீச்சர்? இந்த மேசையிலை பிள்ளை செய்தது இது ஒண்டுதான். மற்றதெல்லாம் தகப்பன்மார் செய்தது. அவையளுக்கு வேறை மேசை போடுங்கோ."

கழுத்துப்பட்டிக்காரர் முன்னுக்கு வந்தார். "சும்மா கதைக்கக்கூடாது. இது என்ரை மகள் செய்தது."

"அப்ப மகளிட்டைச் சொல்லுங்கோ, மோட்டரை ஒருக்கா நிப்பாட்டட்டும்."

எல்லோரும் அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள்.

"தொட்டால் அடி விழும் எண்டு சொன்னீங்களெல்லோ அப்பா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கழுத்துப்பட்டிக்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். ரீச்சர் மேசை நடுவில் இருந்த பூச்சாடியைத் தூக்கி யன்னலில் வைத்தார். பூச்சாடியைத் தூக்கினால் இடம் வரும் என்பது காலையிலேயே தெரியாதா? இதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்.

ரயில் நடுவில் நின்றது. சரிந்துதான் நின்றது. மகள் அதன் பக்கத்திலேயே நின்று, வந்தவர்கள் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். நேர்சரியை நடத்துகிற சபையின் போதகர் வந்து குனிந்து, "இதை என்னத்திலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். "மாமியின்ரை கக்கூசுப் பேப்பரிலை" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எங்களோடு வந்து பட்டுச்சேலையோடு நின்ற மச்சாள் யன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினின் முன்சில்லு ஒன்று கழன்று விழுந்தது. மேசையில் உருண்டு என் கைக்கிட்ட வந்தது. நான் அதை எடுத்து, இருந்த இடத்தில் வைத்து அழுத்தப் போனேன்.

"அம்மா, தொடாதேங்கோ!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"அது என்ரை. நான் ஒட்டுவன்." சில்லை என்னிடமிருந்து பறித்தாள். "ரீச்சர், பசை இருக்கோ?"

ரீச்சர் பசைப் போத்தலோடு ஓடி வந்தார். மகள் போத்தலை அமுக்கினாள். சில்லுக்குத் தேவையானதைப்போல் பத்து மடங்கு பசை வந்தது. முன்பு இருந்த இடத்தில் ஒட்டவில்லை. யோசித்து, நன்றாக மேலே, எஞ்சினின் நெற்றியில் ஒட்டினாள். அங்கே சில்லு வைத்து எந்த ரயில் ஓடும்? வாய்வரை வந்துவிட்டது எனக்கு.

கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றேன்.